சமயங்கள் வந்த வழி: ஆறாம் ஆண்டு மாணவர்களின் கற்றல் பயணம் குறித்துப் பெற்றோருக்கு

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

உலகின் பெரிய சமயங்கள் எங்கே தோன்றின, எவற்றை நம்புகின்றன, எவ்வழியாகப் பரவின என்பதை நம் ஆறாம் ஆண்டு மாணவர்கள் நன்னெறிக் கல்வி, வரலாறு ஆகிய இரு பாடங்களின் வழியாகப் படித்து வருகிறார்கள். அதன் தொடர்ச்சியாக, அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை காலையில், பினாங்கின் ஜார்ஜ்டவுனில், முன்பு பிட் ஸ்திரீட் எனப்பட்ட கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் சாலையிலும் அதையொட்டிய குயின் ஸ்திரீட்டிலும் உள்ள வழிபாட்டுத் தலங்களுக்கு அவர்களை அழைத்துச் செல்லவிருக்கிறோம். முதல் அறிவிப்பு வீட்டுக்கு வந்ததும் பெற்றோர் சிலர் பள்ளிக்கு வந்து, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிற சமயங்களைப் பற்றி இவ்வளவு விரிவாகச் சொல்லித்தர வேண்டுமா என்று கேட்டார்கள். அது கேட்கத்தக்க கேள்வியே என்பதால் எல்லாப் பெற்றோருக்கும் சேர்த்து இக்கடிதத்தில் பதில் எழுதுகிறேன்.

சமயமும் இனமும் ஒன்றே என்ற எண்ணம் நம் பிள்ளைகளிடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. மலாய்க்காரர் என்றால் இஸ்லாம், சீனர் என்றால் பௌத்தம், தமிழர் என்றால் இந்து சமயம் என்று அவர்கள் தயங்காமல் சொல்கிறார்கள். அப்படி எண்ணுவதற்கு நம் நாட்டில் காரணமும் உண்டு. அரசியலமைப்புச் சட்டமே மலாய்க்காரரை வரையறுக்கும்போது இஸ்லாத்தைக் குறிப்பிடுகிறது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியாவில் இஸ்லாமியர் 63.5 விழுக்காடு, பௌத்தர் 18.7 விழுக்காடு, கிறிஸ்துவர் 9.1 விழுக்காடு, இந்துக்கள் 6.1 விழுக்காடு என்ற விவரத்தைக் கரும்பலகையில் எழுதினால், பிள்ளைகள் அதை இனவாரிப் பட்டியலாகவே வாசிக்கிறார்கள். ஆனால், நம் பள்ளியிலேயே தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகளும் தமிழ்க் கிறிஸ்துவக் குடும்பத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். "அப்படியென்றால் நீ தமிழ் இல்லையா?" என்று சக மாணவர் கேட்கும்போது அப்பிள்ளை என்ன பதில் சொல்லும் என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

இதைத் திருத்துவதற்கு அறிவுரையைவிட வரலாறே நன்றாக உதவும் என்பது என் எண்ணம். அதிலும் பினாங்குப் பிள்ளைகளுக்குக் கடல் வழியாகத் தொடங்குவதே பொருத்தம். பாய்மரக் கப்பல்களின் காலத்தில் தென்மேற்குப் பருவக்காற்று இந்தியக் கரையிலிருந்து வணிகர்களை மலாக்கா நீரிணைக்குக் கொண்டுவந்தது. வடகிழக்குப் பருவக்காற்று சீனக் கப்பல்களைத் தெற்கே கொண்டுவந்ததோடு இந்திய வணிகர்களை ஊருக்குத் திருப்பியும் அனுப்பியது. காற்று மாறும்வரை மாதக்கணக்கில் துறைமுகத்தில் தங்கியவர்கள் அங்கேயே மணம் முடித்தார்கள். இறந்தவர்களை அடக்கம் செய்ய இடம் தேடினார்கள். வழிபடக் கோயிலும் பள்ளிவாசலும் எழுப்பினார்கள். இப்பகுதிக்குச் சமயங்கள் வந்ததில் படைகளுக்கு இருந்த பங்கைவிடக் காத்திருந்த வணிகர்களுக்கு இருந்த பங்கு பெரிது.

பௌத்தத்தை எடுத்துக்கொள்வோம். இன்றைய நேப்பாளத்தில் உள்ள லும்பினியில் பிறந்து, புத்தகயாவில் ஞானம் பெற்ற சித்தார்த்தர், துன்பத்திற்குக் காரணம் ஆசையே என்றும், அதை நீக்கும் வழி உண்டு என்றும் போதித்தார். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் காலத்தில் அப்போதனை இலங்கைக்குச் சென்று, அங்கு வேரூன்றிய தேரவாத மரபு பின்னாளில் மியன்மாரிலும் தாய்லாந்திலும் நிலைபெற்றது. மத்திய ஆசியப் பட்டுச் சாலை வழியாகச் சீனா சென்ற மகாயான மரபு அங்கிருந்து கொரியாவையும் ஜப்பானையும் அடைந்தது. இதே பிட் ஸ்திரீட்டில் ஊதுவத்திப் புகை சூழ வீற்றிருக்கும் குவான் யின், இந்தியாவில் அவலோகிதேஸ்வரர் என்ற ஆண் வடிவப் போதிசத்துவராக வழிபடப்பட்டு, சீனத்தில் பெண் வடிவம் கொண்டவர். அதைச் 'சீனர் சாமி' என்று சொல்லிக் கடந்துபோகும் பிள்ளைக்கு இந்த நீண்ட பயணம் தெரிந்தாக வேண்டும்.

பௌத்தத்தில் நமக்கும் பங்குண்டு. 1834ஆம் ஆண்டு ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி செபராங் பிறையில் கண்டெடுத்த 5ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில், புத்தகுப்தர் என்னும் மாலுமி தம் கடற்பயணம் வெற்றியடைய வேண்டிக்கொண்ட செய்தி, ஒரு தூபியின் உருவத்தோடு, தென்னிந்திய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் பௌத்தச் சின்னங்களும் சிவ வழிபாட்டுச் சின்னங்களும் ஒரே நிலப்பரப்பில் கிடைத்துள்ளன. இராசேந்திர சோழன் 1025இல் கடாரத்தின்மீது (இன்றைய கெடா) படையெடுத்ததை நம் பிள்ளைகள் பெருமையோடு சொல்வார்கள். ஆனால், அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பு கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரை என்ற பௌத்தப் பள்ளியை எழுப்பியதும், சிவபக்தரான இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அதற்கு வழங்கியதும் பலருக்குத் தெரியாது. லெய்டன் செப்பேடுகள் என அறியப்படுபவை இதற்குச் சான்று. படையெடுப்பைப் பற்றிப் பேசும் மேடைகளில் இந்தக் கொடையைப் பற்றியும் பேசினால் நன்றாக இருக்கும்.

இந்து சமயத்திற்குத் தனியொரு நிறுவனரோ எல்லாரும் ஏற்கும் ஒரே நூலோ இல்லை. வேத மரபு, சைவம், வைணவம், சாக்தம், ஊர்த் தெய்வ வழிபாடு எல்லாம் சேர்ந்ததே அது. பெரும்பாலான பிரிவுகள் கர்மவினையையும் மறுபிறப்பையும் ஏற்கின்றன. பழங்காலத்தில் அது கம்போடியாவின் அங்கோர்வாட் வரை பரவி, இன்றும் பாலித் தீவில் நிலைத்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் தோட்டத் தொழிலாளர்களோடு மலாயா, மொரிஷியஸ், தென்னாப்பிரிக்கா, பிஜி ஆகிய இடங்களுக்குச் சென்றது வேறொரு பரவல். 1833இல் குயின் ஸ்திரீட்டில் எழுந்த கோயிலில் குடிகொண்டிருப்பவள் மாரியம்மன். தமிழர் தங்கள் கிராமத்துத் தாயையே கடல் கடந்து கொண்டுவந்தார்கள்.

யூதம், கிறிஸ்துவம், இஸ்லாம் ஆகிய மூன்றும் மேற்காசியாவில் தோன்றியவை. ஆபிரகாமைத் தம் முன்னோராகக் கொள்பவை. ஒரே இறைவனை வணங்குபவை. ஆனால், இயேசுவை மெசியா என யூதர் ஏற்பதில்லை. கிறிஸ்துவர் அவரை இறைமகனாக வழிபடுகிறார்கள். இஸ்லாமியர் ஈசா நபி என்று மதிக்கிறார்கள். உரோமப் பேரரசின் சாலைகளிலும் துறைமுகங்களிலும் வளர்ந்த கிறிஸ்துவம், பின்னர் ஐரோப்பியக் கப்பல்களில் உலகெங்கும் சென்றது. தென்னிந்தியாவிலோ அது ஐரோப்பியருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இருந்தது. ஜார்ஜ்டவுனில் 1818இல் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தின் சுவர்களில் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பு கலந்திருக்கிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்வோம்.

இஸ்லாம் கி.பி. 610இல் மக்காவில் முகம்மது நபிக்கு வந்த இறைச்செய்தியோடு தொடங்குகிறது. கலிமா, தொழுகை, நோன்பு, ஜக்காத், ஹஜ் என்னும் ஐந்தும் அதன் தூண்கள். நம் தீபகற்பத்தில் அதற்கான பழைய சான்றாகிய திரெங்கானு கல்வெட்டு 1303ஆம் ஆண்டைச் சேர்ந்தது எனக் கணிக்கப்படுகிறது. அரபு, குஜராத்தி வணிகர்களோடு சோழமண்டலக் கரையின் தமிழ் வணிகர்களும் அதன் பரவலில் பங்கேற்றார்கள். 1801இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், அக்கரையிலிருந்து வந்த சமூகத்தின் தலைவர் காதர் மொகிதீனின் பதவியையே பெயராகக் கொண்டது. அருகில் சூலியா ஸ்திரீட்டில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்காவும் இருக்கிறது. தமிழ் முஸ்லிம் பிள்ளையிடம் "நீ தமிழா?" என்று கேட்பவருக்கு இத்தெருவே பதில் சொல்லும்.

15ஆம் நூற்றாண்டில் பஞ்சாபில் குரு நானக் தொடங்கிய சீக்கியத்தை வகுப்பிலேயே படிப்போம்; அன்று குருத்துவாராவுக்குச் செல்ல நேரம் போதாது.

'எம்மதமும் சம்மதம்' என்று சொல்லி முடித்துவிடுவது பள்ளிகளுக்கு எளிது. எல்லாச் சமயங்களும் ஒன்றையே சொல்கின்றன என்பது கேட்க இனிமையாக இருந்தாலும் உண்மையில்லை. நிலையான ஆன்மா உண்டா, மறுபிறப்பு உண்டா, இறைவனுக்கு உருவம் உண்டா என்னும் கேள்விகளுக்கு அவை தரும் விடைகள் வேறு வேறு. அந்த வேறுபாடுகளைச் சரியாகத் தெரிந்துகொண்டு, அண்டை வீட்டாரோடு மரியாதையோடு பழகப் பிள்ளைகள் கற்க வேண்டும். தைப்பூசத்தில் தண்ணீர்மலை செல்லும் வழியில் தேங்காய் குவித்து உடைக்கும் சீன அன்பர்களும், புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன் திருவிழாவுக்குச் செல்லும் பல சமயத்தாரும் இதை நமக்கு முன்பே அறிந்தவர்கள்.

பயணத்தின்போது எந்த மாணவரும் எந்த வழிபாட்டிலும் பங்கேற்கத் தேவையில்லை. திருநீறு, பிரசாதம், ஊதுவத்தி போன்றவற்றை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் குடும்பத்தின் முடிவு. அதை இணைப்புப் படிவத்தில் குறிப்பிட்டால் பொறுப்பாசிரியர் பார்த்துக்கொள்வார். பிள்ளையை அனுப்ப விருப்பமில்லாத பெற்றோர் காரணம் எழுத வேண்டியதில்லை. அம்மாணவருக்கு அதே பாடத்தில் வேறு பணி தரப்படும், மதிப்பீட்டில் குறைவு வராது. மாணவர்கள் பள்ளி விளையாட்டுச் சட்டையும் முழங்காலை மறைக்கும் காற்சட்டையும், எளிதில் கழற்றக்கூடிய காலணியும் அணிந்து வரவேண்டும். பள்ளிவாசலுக்குள் செல்லும்போது மாணவிகளுக்கு மேலங்கி தேவைப்பட்டால் அங்கே ஏற்பாடு செய்யப்படும். ஹலால் சைவ உணவு பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் செலவில் வழங்கப்படும். ஒவ்வாமை இருந்தால் தெரிவிக்கவும். கையொப்பமிட்ட படிவத்தை இவ்வாரம் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்