ஃபோர்ட் குட் ஹோப் மக்களுக்கு மனம் நிறைந்த நன்றி

இந்த மடலின் ஆங்கில வடிவத்தை ஊருக்கு ஏற்கெனவே அனுப்பிவிட்டேன். ஆனால் நம்முடைய ஆட்களும் இவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை, அதனால் தமிழிலும் எழுதுகிறேன்.

கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில், மெக்கன்சி ஆற்றங்கரையில், ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே இருக்கும், டெனே என்ற பழங்குடி மக்களின் சின்ன ஊர் அது. பனிக்காலத்தில் போடும் தற்காலிகப் பாதையை விட்டால் வெளியூருக்கு ரோட்டே கிடையாது, விமானம் அல்லது படகுதான். அங்கேதான் 1865 இல் தொடங்கி 1885 வரை கட்டிய நன்னம்பிக்கை மாதா கோயில் நிற்கிறது, முழுக்க மரம். 1977 இல் அதைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தார்கள். அதைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன்.

வழியில் விமானம் மாறும் நோர்மன் வெல்ஸ் ஊரின் விமான நிலையத்தில் நின்ற தம்பிக்கு முதலில் நன்றி. மூட்டத்தால் விமானம் போகாது என்றானதும், நான் கேட்காமலே ஊருக்குப் போன் எடுத்து, வரப்பிந்தும் என்று சொல்லி, இரவு தங்கவும் ஒரு இடம் பார்த்துத் தந்தார்.

அப்புறம் கோயில் திறப்பை வைத்திருக்கும் அக்கா. அடுப்பில் இருந்ததை மகளிடம் விட்டுவிட்டு வந்து கதவைத் திறந்து, ஆறுதலாகப் பாருங்கள் என்று சொல்லிக் கடைசி வாங்கில் இருந்துகொண்டார். வெளியே பார்த்தால் சாதாரணப் பலகைக் கட்டடம், உள்ளே போனால் நீலக் கூரையில் நட்சத்திரங்கள், சுவரெங்கும் படங்கள், கல்லில் செதுக்கவேண்டிய கோதிக் வேலைப்பாடெல்லாம் மரத்தில்! நான் வாயடைத்து நிற்பதைப் பார்த்துவிட்டு அக்கா எழும்பி வந்து, டோர்ச்சைச் சரித்துப் பிடித்து, வர்ணத்துக்கு அடியில் பலகையின் ரேகை ஓடுவதைக் காட்டினார். உள்ளே வரைந்தவர்களில் முக்கியமானவர் எமில் பெத்திதோ சுவாமி, டெனே மொழிகளுக்கு 1876 இல் அகராதி வெளியிட்ட அதே ஆள். அவர் அமலமரித் தியாகிகள் சபைக் குரு. அந்தச் சபையார் 1847 இலேயே இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கியவர்கள், நான் ஞானஸ்நானம் பெற்றதும் அவர்களுடைய பங்கில்தான், அதனால் ரொறன்ரோவில் இருந்து இவ்வளவு தூரம் போனதற்கு எனக்கென்று ஒரு காரணமும் இருந்தது.

பெயர் போடவேண்டாம் என்று சொன்ன முதியவருக்குத் தனியாக நன்றி சொல்லவேண்டும். பழங்குடிப் பிள்ளைகளைத் தாய்தகப்பனிடமிருந்து பிரித்துத் தூரத்து விடுதிப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனதில் திருச்சபைக்கு இருந்த பங்கை அவர் பீடத்துக்கு முன்னால் நின்றே சொன்னார், குரலை உயர்த்தவும் இல்லை, எதையும் மறைக்கவும் இல்லை. கத்தோலிக்கர் என்ற முறையில் எனக்கு அது கேட்கக் கஷ்டமாக இருந்தது, ஆனால் கேட்டே ஆகவேண்டிய கதை. ஐயா, நீங்கள் அதைச் சொல்லாமல் படங்களை மட்டும் காட்டி அனுப்பியிருந்தால் நான் பாதிக் கோயிலைத்தான் பார்த்திருப்பேன்.

2024 ஜூனில் காட்டுத்தீ கிட்ட வந்து ஊரையே காலிசெய்ய வேண்டிவந்ததே, அப்போது தீயோடு நின்று போராடிய எல்லாருக்கும், படகுகளில் சனத்தை ஏற்றிப்போனவர்களுக்கும் நன்றி. நூற்றைம்பது வருஷக் காய்ந்த பலகைக்கு ஒரு பொறி போதும். தீ இல்லாத வருஷங்களிலும், அடியில் எப்போதும் உறைந்தே கிடக்கும் நிலம் இளகினால் அத்திவாரம் அசையும், ஈரம் வர்ணத்தை உரிக்கும், அதையெல்லாம் கவனித்துச் செப்பம் பார்க்கிறவர்களும் அங்கே இருக்கிறார்கள், வெளியில் ஒருவருக்கும் அவர்களைத் தெரியாது. உங்களுக்குக் கோடி நன்றி.

ஆற்றின் மேல்பக்கம் இருக்கும் ராம்பார்ட்ஸ் சுண்ணாம்புப் பாறைகளைப் படகில் கூட்டிப்போய்க் காட்டி, பெற்றோல் காசுகூட வாங்க மறுத்த தம்பி, உங்களுக்கு ஒரு பொதி தேயிலை அனுப்பியிருக்கிறேன், அதையாவது திருப்பி அனுப்பாதீர்கள். கோயிலுக்குள் எடுத்த படங்கள் முழுவதும் அக்காவின் பெயரில் வரும் பென்ட்ரைவில் இருக்கின்றன. பள்ளிக்கூடத்துக்கு வேண்டுமென்றால் தாராளமாகக் கொடுங்கள், என்னிடம் கேட்கத் தேவையில்லை.