பெயரைக் கொஞ்சம் கழித்துச் சொல்லுங்கள்

மாமல்லபுரத்தில் வழிகாட்டிகளாக இருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். விழுப்புரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். பதினாறு வருடமாக, ஆண்டுக்கொரு முறை பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு உங்கள் ஊருக்கு வருகிறேன். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று போன தடவையிலிருந்து மனசில் கிடக்கிறது.

பெரிய பாறைச் சிற்பத்தின் முன்னால் போய் நின்றதும் நாம் முதலில் செய்வது பெயர் சொல்வதுதான். "இதுதான் அர்ச்சுனன் தபசு." நானும் இத்தனை வருடம் அதையே சொன்னேன். சொன்ன நொடியில் நாற்பது பிள்ளைகளின் கண்ணும் ஒற்றைக்காலில் நிற்கும் அந்த எலும்பும் தோலுமான மனிதரைத் தேடிப் போய்விடும். ஆள் அகப்பட்டதும் வேலை முடிந்தது, அடுத்து ஐஸ்கிரீம். கிட்டத்தட்ட 30 மீட்டர் நீளத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்களைப் பல்லவச் சிற்பிகள் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவோம்.

போன தடவை எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு வார்த்தை பேச முடியவில்லை. "கண்ணில் பட்டதை வரையுங்கள்" என்று தாளில் எழுதிக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு பெண் அந்த மனிதரை வரையவே இல்லை. பாறையின் நடுவில் இருக்கும் பிளவை மட்டும் மேலிருந்து கீழாக வரைந்து, அதில் கைகூப்பி ஏறிவரும் நாகங்களைப் போட்டிருந்தாள். "எல்லாரும் இந்தப் பக்கமே வராங்க மிஸ். இங்க தண்ணி விழுந்துச்சா?" என்றாள்.

பாறைக்கு மேலே நீர் தேக்கிய தொட்டியின் தடயம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். இது பகீரதன் தவம், கங்கை இறங்கும் காட்சி என்று பிரெஞ்சு அறிஞர் கோலுபேவ் 1914இல் எழுதினார். தமிழறிஞர் மயிலை சீனி. வேங்கடசாமி இதே பாறையில் சமணத் தீர்த்தங்கரர் அசிதநாதரின் புராணக் கதையைக் கண்டார். அர்ச்சுனன், பகீரதன் இரண்டு கதைக்கும் பொருந்தும்படி வேண்டுமென்றே செதுக்கினார்கள் என்பவர்களும் உண்டு. எனக்குக் கங்கைதான் என்று படுகிறது. ஆனால் நான் தென்பெண்ணைக் கரையில் பிறந்து, ஆறு வற்றியதைக் கண்ணால் பார்த்தவள். தண்ணீர் என்றாலே என் மனம் அந்தப் பக்கம் சாயும். சிவன் வரம் கொடுக்கும் கையோடுதான் நிற்கிறார், சடையில் கங்கையைத் தாங்குவதாகக் காட்டவில்லையே என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

அந்தப் பூனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். யானைகளுக்குக் கீழே, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் நிற்கிறதே, அது. "ருத்திராட்சப் பூனை, போலிச் சாமியார்" என்போம், கூட்டம் சிரிக்கும். எலிகளை ஏமாற்றிய பூனையின் கதை மகாபாரதத்திலேயே இருக்கிறது, அதனால் அப்படிச் சொல்வதில் தப்பில்லை. ஆனால் வரைந்துகொண்டிருந்த ஒரு பையன் கேட்டான்: "எலிங்க ஏன் ஓடலை? பயந்த மாதிரியே இல்லையே." அரை மணி நேரம் அந்த எலிகளையே பார்த்தவன் அவன். ருத்திராட்சப் பூனை என்ற சொல்லைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த நான், எலிகளை அதுவரை உற்றுப் பார்த்ததே இல்லை. தவம் நடக்கும் இடத்தில் பகை ஓய்ந்துவிட்டது என்றுகூடச் சிற்பி சொல்லியிருக்கலாம் அல்லவா? அந்த வழி என் மனசில் திறக்கவே இல்லை. ஒரு பழமொழி அடைத்து வைத்திருந்தது.

ஐந்து ரதத்திலும் இப்படித்தான். பாண்டவர் பெயரெல்லாம் பின்னால் வந்தவை. தருமராச ரதத்தின் கல்வெட்டு அதை அத்யந்தகாம பல்லவேசுவர கிருகம் என்கிறது, சிவன் கோயில் அது. திரௌபதி ரதத்துக்குள் இருப்பவள் கொற்றவை. அவள் காலடியில் ஒருவன் தன் தலையைத் தானே அரிந்து கொடுக்க மண்டியிட்டிருக்கிறான். திரௌபதியைத் தேடிப் போகிற பிள்ளைக்கு அவன் எப்படிக் கண்ணில் படுவான்?

வெயிலில் நின்று, ஒரு நாளில் எத்தனையோ கூட்டத்துக்கு ஒரே கதையைச் சொல்லும் உங்கள் உழைப்பு எனக்குத் தெரியும். "சீக்கிரம் சொல்லுங்க" என்று அவசரப்படுத்துவதும் எங்களைப் போல வருகிறவர்கள்தான். கதை சொல்லாதீர்கள் என்று நான் கேட்கவில்லை. பாறை முன்னால் நிறுத்தியதும் இரண்டு நிமிடம் பேசாமல் விடுங்கள். "என்ன தெரியுது?" என்று கேளுங்கள். அப்புறம் அர்ச்சுனனையும் பகீரதனையும் சமணக் கதையையும் சேர்த்தே சொல்லுங்கள்.

வரும் தை மாதம் எட்டாம் வகுப்பை அழைத்து வருகிறேன். ஆளுக்கொரு வரைதாளும் பென்சிலும் கொண்டு வருவார்கள். அவர்கள் தலை நிமிர்ந்து கேள்வி கேட்கும் வரை காத்திருந்து, பிறகு பேச முடியுமா?

அன்புடன்,
ஓர் ஓவிய ஆசிரியை