முடிந்துபோன வரலாறா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரத் தங்கள் இதழின் மருத்துவப் பக்கத்தில், 'தாலிடோமைட் மருத்துவ வரலாற்றில் முடிந்துபோன ஓர் அத்தியாயம்' என்றொரு வரி இருந்தது. இங்கிலாந்தில் செவிலியராகப் பணியாற்றிய காலத்தில், கர்ப்பிணித் தாய் விழுங்கிய அந்த மாத்திரையால் கை கால் குறைபாட்டோடு பிறந்தவர்களைப் பராமரித்தவள் நான். அந்த வரியைப் படித்து மிகவும் வருந்தினேன்.

1957இல் மேற்கு ஜெர்மனியின் குருநென்தால் நிறுவனம் அதைக் கான்டர்கான் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்ததும், மறு ஆண்டே பிரிட்டனில் டிஸ்டாவல் என்ற பெயரில் அது வந்ததும், தூக்கத்துக்கும் மசக்கை வாந்திக்கும் தீங்கில்லாதது என்று சொல்லிக் கொடுக்கப்பட்டு 1961 இறுதியில் இரு நாடுகளிலும் திரும்பப் பெறப்பட்டதும் தாங்கள் அறிந்தவையே. 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டதைக் கட்டுரையும் சொல்கிறது. பிழைத்தவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டார்கள். கட்டுரையில் மட்டும் அவர்கள் இன்னும் குழந்தைகளாகவே இருக்கிறார்கள்.

எங்கள் வார்டில் இருந்த அம்மையார் ஒருவருக்குத் தோளை ஒட்டியே விரல்கள் இருந்தன. காலால் எழுதி, பல்லால் பொத்தான் போட்டு, பிள்ளைகளை வளர்த்து, வேலைக்கும் போய்வந்தவர். ஐம்பதைத் தாண்டியதும் இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. காலையே கையாக வைத்துப் பிழைத்தவர் இடுப்பும் போன பிறகு என்ன செய்வார்? இரத்த அழுத்தம் பார்க்கப் பட்டையைச் சுற்றுவதற்குப் புயம் இல்லாததால் தொடையில் சுற்றினோம். இரத்தம் எடுக்கப் பாதத்தில் இரத்தக் குழாயைத் தேடினோம். எண்பதைத் தாண்டிய அவருடைய தாயார் பார்வை நேரம் முழுவதும் கட்டிலருகே உட்கார்ந்து, 'டாக்டர் கொடுத்தார், நான் விழுங்கினேன்' என்று யாரும் கேட்காமலே எங்களிடம் சொல்வார். கருவுற்ற 20ஆம் நாளிலிருந்து 36ஆம் நாளுக்குள் ஒரே ஒரு மாத்திரை உள்ளே போயிருந்தாலும் போதும், கரு பாதிக்கப்பட. அந்த நாட்களில் தாம் கருவுற்றிருப்பதே பல பெண்களுக்குத் தெரிந்திருக்காது. நிறுவனத்தார் மீது ஜெர்மனியில் 1968இல் தொடங்கிய வழக்கு 1970இல் தீர்ப்பில்லாமலே முடிந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2012இல்தான்.

அந்த மாத்திரையும் மறைந்துவிடவில்லை. தொழுநோயாளிகளுக்கு வரும் வலிமிகுந்த வீக்கத்துக்காக (தொழுநோய் எதிர்வினை) பிரேசிலில் தொடர்ந்து கொடுக்கப்பட்டதால், அறுபதுகளுக்குப் பிறகும் அங்கே பாதிப்போடு குழந்தைகள் பிறந்தன. மல்டிப்பிள் மைலோமா என்னும் புற்றுநோய்க்கு நம் ஊர் மருத்துவர்களும் அதை எழுதித் தருகிறார்கள். உரிய எச்சரிக்கையோடு தரும்போது பயனுள்ள மருந்துதான். முடிந்துபோனது என்று படித்த வாசகர், வீட்டு அலமாரியில் இருக்கும் அட்டையைக் கண்டு எதற்காக எச்சரிக்கையாக இருக்கப்போகிறார்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு தங்கள் ஆன்மிகப் பக்கத்தில், கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியே வந்தால் பிள்ளை ஊனமாகப் பிறக்கும் என்று எழுதியிருந்தார்கள். அப்போதே மறுப்புக் கடிதம் அனுப்பினேன்; வெளியிடவில்லை. என் சித்தி மகள் வலிப்பு நோய்க்கு வால்ப்ரோயேட் சாப்பிட்டு வந்தவள். அவளுக்கு முதுகுத்தண்டு மூடாமல் குழந்தை பிறந்தபோது, கிரகணத்தில் அரிவாள்மனையைத் தொட்டாள் என்று புகுந்த வீட்டார் அவளை வதைத்தார்கள். திருமணத்துக்கு முன்பிருந்தே அந்த மாத்திரையை எழுதித் தந்த மருத்துவர், அது கருவைப் பாதிக்கலாம் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தக் குழந்தை இன்று சக்கர நாற்காலியில் கல்லூரிக்குப் போகிறாள். என் தங்கை இன்னமும் கிரகணத்தைத்தான் நினைத்து அழுகிறாள்.

கர்ப்ப காலத்தில் வால்ப்ரோயேட் சாப்பிட்டால், பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 10இல் ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடும், 10இல் மூன்று நான்கு பேருக்கு வளர்ச்சிக் கோளாறும் வருகின்றன. கருத்தடை ஏற்பாடு இல்லாமல் கருவுறும் வயதுப் பெண்களுக்கு அதைத் தரக்கூடாது என்று பிரிட்டன் 2018இல் விதி கொண்டுவந்தது. அதன் பிறகும், வலிப்பு பற்றிக் கேட்ட இளம்பெண் ஒருவருக்குத் தங்கள் கேள்வி-பதில் பகுதியில் அந்த மாத்திரையின் பெயர் சொல்லப்பட்டதே தவிர, கர்ப்பம் என்ற சொல்கூட வரவில்லை.

நான் கேட்பது சிறியது. அந்த வரியைத் திருத்தி, திருத்தத்தை அதே மருத்துவப் பக்கத்தில் வெளியிடுங்கள். இனி மாத்திரையின் பெயர் அச்சேறும்போதெல்லாம், கருவுறும் எண்ணமுள்ள பெண்கள் முன்கூட்டியே மருத்துவரைக் கேட்க வேண்டும், கேட்காமல் தாங்களாகவே மாத்திரையை நிறுத்தவும் கூடாது என்று கீழே இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
நாகர்கோவில்.