நாலு பேர், நாலு பேச்சு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2022 ஜனவரியில் திருப்பூரிலும் நாமக்கல்லிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்ததிலிருந்து, நம் பக்கத்தில் எத்தனை சீட் கூடியது, கட்ஆஃப் எவ்வளவு இறங்கியது என்றுதான் எல்லாரும் பேசுகிறோம். உங்கள் இதழிலும் அதுவே அதிகம் வருகிறது. படித்து வெளியே வருகிற டாக்டரும் நர்சும் பிசியோவும் ஒரே கட்டிலைச் சுற்றி நிற்கும்போது ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள எங்கே கற்கிறார்கள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

போன ஆடி மாதம், காங்கேயம் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக் கட்டுத்தரையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்கு வலது பக்கம் வாதம் அடித்துவிட்டது. கோவையில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு நேரத்தோடு கொண்டுபோய்ச் சேர்த்தோம். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை.

நாலாம் நாள் டாக்டர் வந்து, இனி வாய் வழியாகவே சாப்பாடு கொடுக்கலாம் என்று எழுதிவிட்டுப் போனார். நர்ஸ் கஞ்சி கொடுக்கச் சொன்னார். இரண்டு ஸ்பூன் உள்ளே போவதற்குள் அம்மாவுக்குப் புரையேறி முகமெல்லாம் சிவந்துவிட்டது. சாயங்காலம் வந்த பிசியோ தம்பி அதைப் பார்த்துவிட்டு, “தண்ணியா எதும் குடுக்காதீங்ண்ணா. நல்லா நிமித்தி உக்கார வெச்சு, கூழு பதத்துல கெட்டியாக் குடுங்க” என்றார். நர்சிடம் போய்ச் சொன்னேன். “டாக்டர் எழுதட்டும் சார், நாங்களா மாத்த முடியாது” என்றார். டாக்டர் மறுநாள் காலை ரவுண்ட்ஸுக்குத்தான் வந்தார். நான் சொன்னதைக் கேட்டு, “அப்படியா, பிசியோ சொன்னா சரிதான், அப்படியே குடுங்க” என்றார். அவ்வளவுதான் விஷயம். அதற்கு ஒரு ராத்திரி முழுக்க அம்மா வெறும் வயிற்றோடு கிடந்தார். மூன்று பேரும் நல்லவர்கள், அவரவர் வேலையில் கெட்டிக்காரர்கள். நடுவில் தபால்காரனாக ஓடியவன் பனியன் கம்பெனிக்காரன் நான்.

வீட்டுக்கு வந்ததும் அடுத்தது. ஏழு மாத்திரை. முழுங்க முடியாததால் எல்லாவற்றையும் நுணுக்கித் தேனில் குழைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். இரண்டாவது தடவை மாத்திரை வாங்கப் போனபோது மெடிக்கல் கடையில் இருந்த பெண், அம்மா எப்படிச் சாப்பிடுகிறார் என்று தானாகவே கேட்டார். சொன்னேன். “அய்யோ, இந்த ஆஸ்பிரினை நுணுக்கக் கூடாதுங்க. வயித்துல கரையாம குடலுக்குப் போய்க் கரையறதுக்குத்தான் மேல பூச்சுக் குடுத்திருக்காங்க. டாக்டர்கிட்டச் சொல்லி வேற மாத்தி வாங்கிக்குங்க” என்றார். அம்மாவால் முழுங்க முடியாது என்பது வார்டில் எல்லாருக்கும் தெரியும். அந்த மாத்திரைக்குப் பூச்சு உண்டு என்பதும் தெரியாமலா இருக்கும்? இரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டிய ஆள் யார் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

கோவையில் ஒரு பெரிய வளாகத்தில் பிசியோதெரபி படிக்கிறாள் என் அக்கா மகள். ஒரே காம்பவுண்டுக்குள் மெடிக்கல் காலேஜ், நர்சிங் காலேஜ், பார்மசி எல்லாம் இருக்கின்றன. கேன்டீன்கூட ஒன்றுதான். “மூணு வருசத்துல ஒரு கிளாஸ்கூடச் சேர்ந்து உக்காந்ததில்லைங் மாமா. வார்டுல பார்த்தா அவங்க கோட்டு வேற, எங்க கோட்டு வேற, அவ்வளவுதான் தெரியும்” என்கிறாள். மருத்துவம், நர்சிங், பிசியோ, பார்மசி நான்கு படிப்புக்குமே பட்டம் தருவது எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். சமூகப்பணி (நோயாளிக்கும் குடும்பத்துக்கும் வேண்டிய உதவிக்கு வழி காட்டுகிற வேலை) படிக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் இங்கே பாரதியார் பல்கலைக்கழகம். ஒரே பல்கலைக்கழகத்தில் இருக்கிறவர்களே சேரவில்லை, பாவம், அந்தப் பிள்ளைகள் எங்கே சேர்வது? இத்தனைக்கும் 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், மருத்துவச் சமூகப் பணியாளரையும் அந்தத் தொழில்களில் ஒன்றாகவே எண்ணுகிறது.

எங்கள் திருப்பூர்த் தொழிலைச் சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். ஆர்டர்களைக் கவனிக்கப் புதிதாக வரும் மெர்ச்சண்டைசருக்கு எங்கள் கம்பெனியில் முதல் மூன்று மாதம் நாற்காலி கிடையாது. நிட்டிங், டையிங், கட்டிங், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங் என்று ஒவ்வொரு இடத்திலும் போய் நிற்க வேண்டும், டெய்லருக்கு உதவி செய்கிற கைமடி ஆட்களோடும் உட்கார வேண்டும். ஒரு லாட்டில் ஷேடு மாறினால் அன்றைக்கே கட்டிங் மாஸ்டருக்குத் தெரிந்தாக வேண்டும். இல்லையென்றால் கை ஒரு கலர், உடம்பு ஒரு கலர் என்று டி-ஷர்ட் வந்து நிற்கும். அதைத் திருப்பி அனுப்பினால் பணம்தான் நஷ்டம். வார்டில் நடப்பது அப்படியா?

உலக சுகாதார நிறுவனம் 2010-லேயே இப்படிச் சேர்ந்து படிப்பதற்கென்று ஒரு செயல்திட்ட அறிக்கை வெளியிட்டது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலைச் சேர்ந்தவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவரும், ஒருவரிடமிருந்து ஒருவரும், ஒருவரோடு ஒருவரும் படிப்பது என்று அதில் விளக்கம் இருக்கிறது. எல்லாரையும் ஆடிட்டோரியத்தில் உட்கார வைத்து ஒரு சிறப்புரை போட்டால் கணக்கில் வராது என்று நான் புரிந்துகொள்கிறேன். ஸ்வீடனில் லிங்ஷோப்பிங் என்ற ஊரில் 1996-லேயே எலும்பு சிகிச்சை வார்டு ஒன்றை மருத்துவ, நர்சிங், பிசியோ மாணவர்கள் கையில் சேர்த்துக் கொடுத்து, பெரியவர்கள் மேற்பார்வை மட்டும் பார்த்திருக்கிறார்கள்.

அந்த அளவுக்கு நாம் போக வேண்டாம். நம்மிடமே வழி இருக்கிறது. 2019-இல் மாறிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம், படித்து வரும் டாக்டர் சுகாதாரக் குழுவின் தலைவராகவும் உறுப்பினராகவும் இருக்க வேண்டும் என்கிறது. (தலைவர் என்பது நன்றாகவே பதிந்திருக்கிறது, உறுப்பினர்தான் கொஞ்சம் அழிந்துவிட்டது.) 2022-இலிருந்து ஒவ்வொரு மருத்துவ மாணவரும் சில குடும்பங்களைத் தத்தெடுத்துப் போய்ப் பார்த்து வர வேண்டும் என்ற திட்டமும் இருக்கிறது. வண்டி எப்படியும் கிராமத்துக்குப் போகிறது. அதே வண்டியில் ஒரு நர்சிங் பிள்ளை, ஒரு பிசியோ பிள்ளை, ஒரு பார்மசி பிள்ளை, ஒரு சமூகப்பணிப் பிள்ளை ஏறினால் என்ன? திரும்பி வந்து ஐந்து பேரும் சேர்ந்து ஒரே ஒரு அறிக்கை எழுதட்டும். அதற்கு மார்க்கும் சேர்த்துப் போடட்டும், ஒருவருக்குக் குறைந்தால் ஐந்து பேருக்கும் குறையட்டும். டைம்டேபிள் ஒத்துவராது என்பார்கள். இரண்டு பல்கலைக்கழகம் உட்கார்ந்து பேசினால் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கிடைக்காதா?

சேர்ந்து வந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். நடக்க வையுங்கள் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் கக்கூஸ் வாசல் தாண்டி வெளியே, இரண்டு உயரமான படி ஏறிப் போக வேண்டும் என்று கோவையில் யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோ அம்மணியும் எங்கள் ஊர்ச் சுகாதாரத் தன்னார்வலரும் ஒன்றாக வந்தார்கள். தன்னார்வலருக்கு எங்கள் வீட்டுப் படி முதல் அம்மாவின் பிடிவாதம் வரை எல்லாம் தெரியும். “அவங்க ராத்திரியில யாரையும் எழுப்ப மாட்டாங்க, தானாத்தான் போகப் பார்ப்பாங்க” என்று அவர் சொன்னதும், நடைப்பயிற்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த பிசியோ அம்மணி எழுந்து போய்ப் படியை ஜாணால் அளந்தார். அரை மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பேரும் பேசியதில், சுவரோரம் ஜிஐ பைப்பில் கைப்பிடி, ராத்திரியில் கக்கூஸுக்குப் பதிலாகக் கட்டிலோரம் ஓட்டை வைத்த நாற்காலி என்று முடிவானது. போகும்போது மாற்றுத்திறனாளி அட்டைக்கு எங்கே எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதையும் தன்னார்வலர் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா இப்போது வாக்கரைப் பிடித்துக் கட்டுத்தரை வரை போய் மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறார். கல்லூரிகள் எதுவும் ஆரம்பித்துப் பார்க்க ஒரு வீடு தேடினால் எங்கள் வீட்டுக்கே அனுப்பலாம். அம்மாவிடம் கேட்டுவிட்டேன். “வரட்டும் சாமி, ஆனா அஞ்சு பேரும் ஒண்ணாவே வரட்டும். அஞ்சு தடவ இதையே என்னால சொல்ல முடியாது” என்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காங்கேயம்.