எம்.ஜி.பி காரின் கதவுக்குக் கீழுள்ள சில் தகடுகளை மாற்றாமல் மூடி அடைத்தது குறித்த புகார்

பெறுநர்:
நிர்வாகி, பழைய கார் சீரமைப்புப் பட்டறை, பிறை.

அனுப்புநர்:
வாடிக்கையாளர், ஜெலுத்தோங், பினாங்கு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் பட்டறையில் ஏழு மாதங்கள் இருந்துவிட்டுச் சென்ற மாதம் என்னிடம் திரும்பி வந்த, 1969ஆம் ஆண்டின் வெள்ளை நிற எம்.ஜி.பி என்னும் பிரிட்டிஷ் திறந்த காரைப் பற்றி இக்கடிதத்தை எழுதுகிறேன். கதவு உரசுவது குறித்துத் தொலைபேசியில் இருமுறை பேசியும், "பழைய கார் என்றால் கதவு அப்படித்தான் இருக்கும்" என்ற ஒரே பதில் கிடைத்ததால், நடந்தவற்றை எழுத்தில் வைக்க வேண்டியதாயிற்று.

அந்தக் காரை நான் 14,000 ரிங்கிட்டுக்கு வாங்கியபோதே அது துருப்பிடித்துத்தான் இருந்தது. கடலோர வீடொன்றின் கொட்டகையில் பல ஆண்டுகள் அசையாமல் நின்ற கார் அது. விற்றவரும் மறைக்கவில்லை, நானும் ஏமாறவில்லை. கதவுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினாலே தகடு பொருக்குப் பொருக்காக உதிர்ந்ததால்தான் அதை இழுவை லாரியில் ஏற்றித் தங்களிடம் கொண்டுவந்தேன். துரு இருந்ததற்காக நான் யாரையும் குறை கூறவில்லை.

தாங்கள் அறியாததன்று, ஆயினும் என் கோரிக்கைக்கு அடிப்படை என்பதால் சொல்கிறேன். 1962இல் அறிமுகமான எம்.ஜி.பிக்கு, அதற்கு முந்தைய எம்.ஜி.ஏவுக்கு இருந்தது போன்ற தனிச் சட்டகம் கிடையாது. உடற்கூடே பாரம் முழுவதையும் தாங்குகிறது. கூரையுள்ள காரில் அந்தப் பாரத்தில் ஒரு பங்கைக் கூரை ஏற்றுக்கொள்ளும். கூரையில்லாத இந்தக் காரிலோ, இருக்கைகளுக்கு நடுவே ஓடும் நடுமேட்டோடு சேர்ந்து முன்பாதியையும் பின்பாதியையும் பிணைத்து நிறுத்துபவை இரு கதவுகளுக்கும் கீழே ஓடும் சில்களே. கண்ணுக்குத் தெரியும் வெளித்தகடு, அதற்குள் நெட்டாக நிற்கும் நடுத்தகடு, அடியில் காஸில் ரெயில் என்னும் நீளப் பட்டை ஆகியவை உட்பக்கத் தகட்டோடு சேர்ந்து ஒரு பெட்டியாக இறுகினால்தான் சில்லுக்குப் பலம் உண்டு. ஆகையால் அவற்றை வெட்டி எடுக்கும் முன் கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து உடற்கூட்டை முட்டுக்கொடுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொட வேண்டும். முழுமையாகப் பற்றவைக்கும் முன் கதவை மாட்டி இடைவெளியைப் பார்க்க வேண்டும். தங்கள் விலைமதிப்பீட்டிலும் "முட்டுக்கொடுத்து, பக்கத்துக்கு மூன்று தகடுகள் மாற்றுதல்" என்றே எழுதியிருந்தது. அந்த வேலைக்காக மட்டும் 16,800 ரிங்கிட் செலுத்தினேன்.

காரை எடுத்துக்கொண்டு பினாங்குப் பாலத்தில் வந்தபோதே, ஒவ்வோர் இணைப்பைக் கடக்கும்போதும் ஓட்டுநர் பக்கக் கதவு கிறீச்சிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தேன். கதவின் பின்விளிம்பில், மேலே இடைவெளி அடைபட்டுச் சாயம் உரசியிருக்கிறது. கீழே அதே இடைவெளி அகன்று கிடக்கிறது. இழுவை லாரியில் ஏற்றிய நாளில் எடுத்த படங்களில், இப்போது தாள்கூட நுழையாத அதே இடத்தில், இரண்டு 50 சென் நாணயங்களை அடுக்கிச் செருகியிருக்கிறேன். துருவேறிய நிலையிலும் நேராக நின்ற கார், சீரமைத்த பிறகு நடுவில் தொய்ந்திருக்கிறது. இருவர் உட்கார்ந்தால் கதவைத் திறக்கவே முடிவதில்லை. விபத்து நேர்ந்தால் உள்ளே இருப்பவர் எப்படி வெளியேறுவார்?

அதன் பிறகு, வெல்டிங் தொழிலில் இருக்கும் அண்டை வீட்டு அண்ணன் ஒருவர், சில்லின் வடிகால் துளை வழியாக வளையும் கேமராக் குழாயைச் செலுத்திக் காட்டினார். வெளித்தகடு புதியது. அதன் பின்னால், கறையான் தின்ற பலகை போல, பழைய நடுத்தகடு அப்படியே நிற்கிறது. வெளித்தகடும் முழுத்தகடு அன்று. முன் மட்கார்டுக்குப் பின்னால் தொடர வேண்டிய பகுதியை வெட்டிவிட்டு, கதவின் நீளத்துக்கு மட்டும் ஒட்டியிருக்கிறீர்கள். சேறு தேங்கி முதலில் அரிக்கும் இடமே அதுதான். முன் மட்கார்டு போல்ட்டுகளைக் கழற்றினால் வந்துவிடும். அந்தச் சிரமத்தைக்கூட யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பின்கோடியில் காந்தம் ஒட்டாமல் நழுவுகிறது. அங்கே இருப்பது இரும்பில்லை, பள்ளம் நிரப்பும் புட்டிப் பசை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் காம்பை வெளியே விட்டுவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். "மீதப் பொருள்கள்" என்று எழுதிப் பின்பெட்டியில் தாங்கள் வைத்தனுப்பிய அட்டைப்பெட்டியில், நான் பணம் கொடுத்து இங்கிலாந்திலிருந்து வரவழைத்த இரண்டு காஸில் ரெயில்களும், இரண்டு நடுத்தகடுகளும், மேல்பூச்சுக்கூடக் கீறாமல் இருந்தன. அவற்றைப் பொருத்தியதற்கான கூலி தங்கள் ரசீதில் இருக்கிறது.

இந்தக் காருக்குத் தகடு கிடைப்பதில்லை என்றும் சொல்ல முடியாது. 1980இல் உற்பத்தி நின்றுவிட்டாலும், 1988 முதல் இதன் முழு உடற்கூடே புதிதாக விற்பனைக்குக் கிடைக்கிறது.

இஞ்சின் வேலையில் எனக்குக் குறையில்லை. இரட்டை எஸ்.யு கார்புரேட்டர்களைச் சமன்படுத்திய தங்கள் மெக்கானிக் கைதேர்ந்தவர். 1798 சிசி இஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொள்கிறது. அதற்கான தொகையை நான் திருப்பிக் கேட்கவில்லை.

என் கோரிக்கை இதுதான். இரு பக்கச் சில்களையும் தங்கள் செலவில் திறந்து, உடற்கூட்டைப் பழைய அளவுக்கு நிமிர்த்தி, முட்டுக்கொடுத்து, என்னிடம் உள்ள தகடுகளைப் பொருத்தித் தர வேண்டும். வெளித்தகட்டை மூடும் முன் நான் நேரில் வந்து பார்க்க அனுமதிக்க வேண்டும். மூடிய பின் உள்ளே துருத்தடுப்பு மெழுகு செலுத்த வேண்டும். அது இயலாதெனில் 16,800 ரிங்கிட்டைத் திருப்பித் தர வேண்டும். வேறொரு பட்டறையில் செய்துகொள்கிறேன். மேலே இன்னொரு பூச்சுப் புட்டியிட்டுக் கதவை இழைத்துத் தருவதாகத் தங்கள் மேற்பார்வையாளர் சொன்ன யோசனையை நான் ஏற்கவில்லை.

1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், 53ஆம் பிரிவில், சேவை வழங்குபவர் நியாயமான கவனத்தோடும் திறனோடும் அதைச் செய்ய வேண்டும் என்கிறது. இக்கடிதம் கிடைத்த 14 நாள்களுக்குள் எழுத்து வடிவில் பதில் வராவிட்டால், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுப்பேன். அதற்கான கட்டணம் 5 ரிங்கிட்; வழக்கறிஞரும் தேவையில்லை.

படங்கள், கேமராப் பதிவு, விலைமதிப்பீடு, ரசீதுகள் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். தகடுகள் இருக்கும் அட்டைப்பெட்டி என் வீட்டில் உள்ளது. தங்கள் ஆள்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
காரின் உரிமையாளர்,
ஜெலுத்தோங்.