மீனாட்சிக்கு எத்தனை எழுத்து?

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் தாமதமானதற்கு மாமாவின் மளிகைக் கடைதான் காரணம். பில் போட, பிஎச்பி என்ற நிரல்மொழியில் சின்னதாக ஒன்று எழுதித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

58 மில்லிமீட்டர் ரோலில் வரிக்கு 32 எழுத்து. கொடுத்ததைத் திரும்பத் திரும்ப எழுதும் ஸ்டர்_ரிப்பீட் என்ற பிஎச்பி கட்டளையிடம் ஒரு சிறு கோட்டையும் 32 என்ற எண்ணையும் கொடுத்தால் குறுக்குக்கோடு தயார். பில் எண்ணை ஐந்து இலக்கமாக்க, சொன்ன நீளம் வரும்வரை நிரப்பும் ஸ்டர்_பேட் போட்டேன். சைபர் இடப்பக்கம் வரவேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டேன். சொல்லாவிட்டால் அது வலப்பக்கம்தான் நிரப்பும். 7ஆம் பில் 70000 ஆனது. மாமா சிரித்தார். 70ஆம் பில்லும் 70000 ஆனபோது சிரிக்கவில்லை.

சரி, அதைத் திருத்தியாயிற்று. அப்புறம் கடன் பாக்கிப் பட்டியலைத் தமிழில், பெயருக்கு 20 இடம் விட்டுத் திரையில் காட்டச் சொன்னார். வந்தது வினை. ஸ்டர்_பேட் எண்ணுவது எழுத்தை அல்ல, பைட்டை, அதாவது கணினி நினைவகத்தின் சிறு அலகை. எழுத்தைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். ‘மீனாட்சி’ நம் கண்ணுக்கு நாலெழுத்து. அதற்கோ எட்டுக் குறி, 24 பைட். இருபதைத் தாண்டிவிட்டதால் ஓர் இடைவெளிகூட விடாமல் தொகையைப் பெயரோடு ஒட்டிவிட்டது. ‘ரவி’க்கு மட்டும் 11 இடைவெளி!

பிஎச்பி 8.3இல் வந்த எம்பி_ஸ்டர்_பேட் பைட்டை விட்டுக் குறியை எண்ணுவதால் கொஞ்சம் தேவலை. ஆனால் அதுவும் மேல்விலங்கு, கால், புள்ளியைத் தனித்தனியாக எண்ணி மீனாட்சியை எட்டாக்குகிறது. கடைசியில் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணும் கிராஃபீம்_ஸ்டர்லென் கொண்டு நாலு என்று எண்ணி, மீதி 16 இடைவெளியை ஸ்டர்_ரிப்பீட்டால் ஒட்டினேன். நீளமான பெயர் ஒன்று வந்ததும் மீதி மைனஸில் போய்ப் புரோகிராமே நின்றது. ஸ்டர்_பேட் என்றால் பேசாமல் பெயரை அப்படியே திருப்பித் தந்திருக்கும். ஸ்டர்_ரிப்பீட்டுக்கு அந்தப் பொறுமை இல்லை. சைபருக்குக் கீழே போகாமல் தடுத்து வைத்தேன்.

2016 மார்ச்சில் இடப்பக்கம் நிரப்பித் தரும் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரல் பொட்டலத்தை எழுதியவர், ஜாவாஸ்கிரிப்ட்காரர்கள் நிரல்களைப் பகிரும் என்பிஎம் கிடங்கிலிருந்து அதை எடுத்துவிட, உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் உலகமே தடுமாறியதே, நினைவிருக்கிறதா? ‘இதைக்கூடவா வெளியே வாங்குவார்கள்!’ என்று அன்று உன்னைக் கிண்டல் செய்தேன். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அதற்கடுத்த வருஷம் அதே வேலைக்கு ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குள்ளேயே வந்த பேட்ஸ்டார்ட்டும் மீனாட்சியை எட்டு என்றுதான் சொல்லும், பெருமைப்படாதே.

இவ்வளவு செய்தும் பட்டியல் நேராக நிற்கவில்லை. ‘ர’வும் ‘ணை’யும் ஒரே அகலமா என்ன? எல்லாவற்றையும் அழித்துவிட்டு வலைப்பக்கம் எழுதும் எச்டிஎம்எல்லின் டேபிளில் கட்டம் கட்டிப் போட்டேன், அரை மணி நேர வேலை. மாமாவுக்குத் திருப்தி. சம்பளம் ஒரு கிலோ வெல்லம்.

அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? எழுது.

உன்
பாஸ்கர்