நூலக அக்காவுக்கு நன்றி

நாகர்கோவில் நூலகத்தில் மாலை நேரப் பொறுப்பில் இருந்த அக்காவுக்கு இந்தப் பதிவு. பெயர் கேட்காமல் விட்டது என் தவறு.

பத்தாம் வகுப்பு முழுக்க எனக்கு மனப்பாடக் குறளில் மதிப்பெண் போனது. அடிபிறழாமல் எழுதினேன், ஆனாலும் ஒற்றெழுத்தில் சிவப்பு மை. யாரும் சொல்லாமலே என் நோட்டைப் பார்த்துவிட்டு, ஒரு துண்டுத்தாளை எடுத்தீர்கள்.

"கற்க கசடறக் கற்பவை கற்றபின்
நிற்க அதற்குத் தக."

முதலில் சீர் பிரித்தீர்கள்: மேலே 4, கீழே 3. பிறகு கோடு போட்டது மூன்றே இடத்தில். 'கற்க' வியங்கோள் (கட்டளை, வேண்டுகோள், வாழ்த்து சொல்லும் வினை), அதன்பின் வல்லினம் மிகாது. நான் எப்போதும் அங்கே ஒரு 'க்' சேர்ப்பேன். 'கசடற'வுக்குப் பின் மிகும். 'அதற்கு' நான்காம் வேற்றுமை, 'த்' வேண்டும். சொல்லும்போது ஒற்று அடுத்த எழுத்தோடு கரைந்துவிடுவதால் காதை நம்பி எழுதினால் தப்பும் என்றீர்கள். அதனால் வாயால் பத்து முறை சொல்வதைவிட, பார்க்காமல் ஒருமுறை எழுதி, மூலத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். அடிகளின் இரண்டாம் எழுத்து ஒத்து வரும் எதுகையும் (கற்க, நிற்க: 'ற்') இரண்டாம் அடியின் தொடக்கத்தை நினைவூட்டும்.

கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலையின் பீடம் 38 அடி, அறத்துப்பால் அதிகாரங்கள் 38; சிலை 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்து 95. இதையும் நீங்கள்தான் சொன்னீர்கள், அக்கா. தினமும் அந்தச் சிலையைப் பார்க்கிற ஊர்க்காரர்களான எங்களுக்கே தெரியாது!

அந்தத் துண்டுத்தாள் பத்திரமாக இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நகல் எடுத்திருக்கிறார்கள். இது உங்கள் கண்ணில் பட்டால் ஒரு வரி எழுதுங்கள், அக்கா. நேரில் வந்து நன்றி சொல்ல வேண்டும்.